பதினான்குக்குப் பதின்மூன்று

மே 6, திங்கள்

ஜெயிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டேன். அவ்வளவு வேகமாகச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வரும் என்று அவர்கள் வண்டி கிளம்பிய பிறகுதான் உறைத்தது.

நந்திதா இன்று நான்காவது முறையாக வந்தாள். சென்னைப் பெண், முப்பது வயதிருக்கும், இதுதான் அவளுக்கு முதல் படம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் சத்துணவுப் பெண்கள் வாலிபால் டீம் மாவட்ட ஃபைனல் வரை போன கதையைக் காமெடிப் படமாக எடுக்கிறாள். சேலைக்குள் பேண்ட் போட்டுக்கொண்டு ஆடினோம். பாதிப் பேருக்கு எந்தப் பக்கம் நம் பக்கம் என்றே முதலில் தெரியாது. கூட்டம் எங்களை "முட்டை டீம்" என்றுதான் கூப்பிடும். நாங்கள் பந்தை விட்டால் "முட்டை உடைஞ்சுட்டு!" என்று கத்துவார்கள். இதெல்லாம் எழுதி முடித்துவிட்டாளாம். கடைசிப் பத்து நிமிஷம்தான் பாக்கி. ஜெயிக்க வைப்பதா, நிஜத்தில் நடந்தது மாதிரி தோற்க வைப்பதா?

தயாரிப்பாளர் போனில் ஸ்பீக்கரில் இருந்தார். "ரெண்டு மணி நேரம் சிரிக்க வெச்சுட்டு, கடைசியில மூக்கைச் சிந்த வெச்சு அனுப்பினா எவன்மா ரெண்டாவது தடவை வருவான்? கப்பைக் கையில குடு, பாட்டைப் போடு, முடி."

"ஜெயிச்சா கைதட்டிட்டு நேரா பார்க்கிங்குக்குப் போயிடுவாங்க சார். தோத்தாதான் வீடு வரைக்கும் கூட வரும்" என்றாள் நந்திதா. அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க கனிம்மா. கேப்டன் நீங்கதானே" என்றாள்.

நான் சொன்னேன்: "ரெண்டு மணி நேரம் நாங்க விழுறதையும் எந்திக்கதையும் பாத்து ஜனங்க சிரிக்கப் போறாவ. கடைசியில ஜெயிக்கலன்னா அந்தச் சிரிப்பு எங்க மேலயே ஒட்டிக்கிடும்லா? ஜெயிச்சாத்தான், அட, இவளுவளையா சிரிச்சோம்னு அவங்களுக்கே கூச்சமா இருக்கும்."

நந்திதா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். நல்ல வாதம்தான். எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"ஆனா கனிம்மா, நீங்க சாதாரணமா தோக்கலையே. ஜெயிச்ச மேட்சைத் திருப்பிக் கொடுத்தீங்க. அதைவிடப் பெரிசா நான் எதைக் காட்டுறது?" என்று கேட்டாள்.

இவர் உடனே, "அதாம்மா விஷயம்! சுயம்புக்கனின்னா நேர்மை" என்றார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் பொன்னுத்துரை. பந்தையே தொடாத மனுஷர். நந்திதா வந்தால் மட்டும் அவ்வளவு சிரிப்பு.

ஒருவேளை யாராவது இதைப் படித்தால் தெரிய வேண்டுமே என்று எழுதிவைக்கிறேன். எங்கள் பக்கத்து மைதானங்களில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளி அடித்த பந்து வெளியே போய் விழுந்தால் நமக்குப் புள்ளி. ஆனால் போகும் வழியில் நம் விரலில் உரசியிருந்தால் புள்ளி அவர்களுக்கு. நடுவர் பார்க்காவிட்டாலும் பட்டவர் தானே கையைத் தூக்கிவிட வேண்டும். தூக்காதவர்களை ஊரில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். போலீஸ் டீமோடு ஃபைனல், கடைசி செட், பதினான்குக்குப் பதின்மூன்று, நாங்கள் முன்னால். பந்து வெளியே போனது. நடுவர் எங்களுக்கு விசில் அடித்தார். நான் கையைத் தூக்கினேன். பதினான்குக்குப் பதினான்கு ஆனது. அப்புறம் தோற்றோம்.

பந்து என் சுண்டுவிரலில் பட்டது. அவ்வளவுதான்.

மே 7, செவ்வாய்

மோர் மிளகாய் காயப்போட்டேன். காக்காய்த் தொல்லை.

மே 9, வியாழன்

நந்திதா போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு குதிப்பு. ஃபைனலை யாரோ கல்யாண வீடியோக்காரர் கேசட்டில் எடுத்திருக்கிறாராம். அவர் வீட்டுப் பரணில் கிடந்ததாம். பூஞ்சை பிடித்திருக்கிறதாம், மதுரையில் கொடுத்துச் சுத்தம் செய்கிறார்களாம். "அந்த டச்சை நாம கண்ணால பாக்கப் போறோம் கனிம்மா!" என்றாள்.

சந்தோஷம் என்றேன். போனை வைத்த பிறகு, ஊற வைத்திருந்த அரிசியைக் கீழே கொட்டிவிட்டேன். இவர் வருவதற்குள் ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினேன்.

பூஞ்சையே, உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

மே 11, சனி

காலையிலிருந்து இவர் நல்ல மனநிலையில் இருக்கிறார். அப்படி இருக்கும்போதுதான் நான் கூடுதல் கவனமாக இருப்பேன். படத்தில் தன் வேஷத்தில் யார் நடிக்கிறார்கள் என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். கதையில் கேப்டனின் வீட்டுக்காரர் ஒரு சிரிப்புப் பாத்திரம். ஒவ்வொரு மேட்சுக்கும் விசிலோடு வந்து தொண்டை கிழியக் கத்துவார், பெண்டாட்டி சர்வீஸ் போட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு முறுக்கு வாங்கிக் கொடுப்பார். நந்திதா முதல் தடவை வந்தபோது, "உங்க வீட்டுக்காரர் சப்போர்ட் பண்ணாரா?" என்று இவர் முன்னால் வைத்துக் கேட்டாள். நான் அடித்துவிட்டதுதான் அந்த விசிலும் முறுக்கும்.

இப்போது அதை இவரே நம்புகிறார். "அந்தக் காலத்துல எனக்குத் தொண்டை கட்டிட்டுல்லா" என்று நேற்று பால்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் சுண்டுவிரல் வளைந்திருப்பதை நந்திதா படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். கதவிடுக்கில் மாட்டியது என்று சொல்லியிருக்கிறேன்.

மே 13, திங்கள்

எப்சிபா வந்தாள். எங்கள் டீமில் உண்மையாகவே ஆடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எம்பி அடித்தால் எதிரே நிற்கும் பெண் போலீஸ் கண்ணை மூடிக்கொள்ளும். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவள். அப்போதுதான் புருஷனை இழந்திருந்தாள். மாவட்டத்தில் ஜெயிக்கும் டீம் சென்னையில் மாநிலப் போட்டிக்குப் போகும். அங்கே நன்றாக ஆடுகிறவர்களைத் தேர்வாளர்கள் பார்ப்பார்கள் என்று பேச்சு. பெட்டியைக் கட்டிவைத்துவிட்டுத்தான் ஃபைனலுக்கே வந்தாள். அந்தப் பெட்டியை அவள் திரும்ப அவிழ்த்தது என்னால்தான்.

தோற்ற பிறகு ஒரு வார்த்தை என்னைக் கேட்டதில்லை. அதற்குப் பதில் இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தூக்குச்சட்டி நிறைய அச்சு முறுக்கு. எனக்கு டைபாய்டு வந்தபோது பத்து நாள் வந்து சமைத்துப் போட்டாள். அவள் நல்லது செய்யச் செய்ய எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பயம்.

இன்று வந்த கையோடு, "ஏட்டி, படத்துல ஜெயிக்கட்டும்னு சொல்லிரு" என்றாள்.

"சொல்லிட்டேன்."

"அந்தப் புள்ள கேக்கமாட்டேங்குது. கேசட்டை வேற தேடி எடுத்துருக்காவளாம். செத்தவங்களை எதுக்குத் தோண்டி எடுக்கணும்?" என்றாள். காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனாள்.

அவளுக்குமா வேண்டாம்? தோல்வியைத் திரும்பப் பார்க்க யாருக்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மே 15, புதன்

இவர் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். மத்தியானம் வரை வரமாட்டார். எழுதிவிடுகிறேன்.

படவில்லை.

பந்துக்கும் என் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும். நான் பொய்யாகக் கையைத் தூக்கினேன்.

அரையிறுதி முடிந்து அன்று வீட்டுக்கு வர நேரமாகிவிட்டது. விரல் அன்றைக்குத்தான் வளைந்தது. கதவு எதுவும் இல்லை. ஃபைனல் அன்று காலையில் நான் தலை பின்னிக்கொண்டிருந்தபோது இவர், "ஜெயிச்சா அஞ்சு நாள் மெட்ராஸாமே. அப்படியே அங்கேயே இருந்துக்க. பையனை நான் பாத்துக்கிடுதேன்" என்றார். கத்தவில்லை. இவர் கத்தினால் எனக்கு அவ்வளவு பயமில்லை. பையனுக்கு அப்போது பதினொரு வயது.

ஆனாலும் ஆடினேன். எப்படியும் தோற்றுவிடுவோம் என்றுதான் ஆடினேன். நாங்கள் முட்டை டீம். போலீஸை யார் ஜெயிப்பது? முதல் செட் போனது. இரண்டாவது செட்டில் எப்சிபாவுக்கு என்ன வந்ததோ, வெறி பிடித்த மாதிரி அடித்தாள். மூன்றாவது செட்டில் பதினான்கு ஆகிவிட்டது. இன்னும் ஒன்று. எல்லாரும் குதிக்கிறார்கள். நான் மட்டும் குதிக்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன், ஸ்கோர் போர்டு பக்கத்தில் இவர். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விசிலும் இல்லை, முறுக்கும் இல்லை.

பந்து என்னைத் தாண்டி வெளியே போய் விழுந்தது. விசில். நாங்கள் ஜெயித்துவிட்டோம். கூட்டம் முதல் தடவையாக எங்கள் பேரைச் சொல்லிக் கத்தியது. என் கை அதுவாகவே மேலே போனது.

இதற்குத்தான் ஆசிரியர் தினத்தன்று மேடையேற்றிப் பொன்னாடை போட்டார்கள். இதைத்தான் நந்திதா கடைசிக் காட்சியாக வைக்கப் போகிறாள். ஊரே கண்ணைத் துடைத்துக்கொள்ளும். படம் ஜெயிப்பில் முடிந்தால் அந்தக் கை திரைக்கு வராது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். சிரிப்பு, கூச்சம் என்றெல்லாம் நான் அளந்தது சும்மா.

கேசட் சனிக்கிழமை வருகிறது. அந்த ஒரு சாண் அதில் தெரிந்தால் நந்திதா கேட்பாள், ஏன் தூக்கினீர்கள் என்று. இவரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

மே 17, வெள்ளி

எழுத எதுவும் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை.

மே 18, சனி

இன்னும் மூச்சு சீராகவில்லை.

நந்திதா லேப்டாப்பை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். எப்சிபா, நான், இவர். படம் முழுக்கக் கோடு கோடாக ஓடியது. அவ்வளவு ஒல்லியாகவா இருந்தோம்! எப்சிபா எம்பி அடிக்கும்போது சேலை முந்தானை வலையில் மாட்டி, ஆட்டத்தை நிறுத்தி நாலு பேர் எடுத்துவிடுகிறார்கள். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், வியர்வை முதுகில் வழிந்துகொண்டிருந்தது.

பதினான்குக்குப் பதின்மூன்று. போலீஸ்காரி ஓடிவந்து எம்புகிறாள். வலைக்கு இந்தப் பக்கம் நானும் எப்சிபாவும் சேர்ந்து எம்புகிறோம். சரியாக அந்த நேரம் பார்த்து கேமரா திரும்பிவிட்டது. சிறப்பு விருந்தினர் இளநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். குழாய் அவர் வாய்க்கு எட்டாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. கேமரா திரும்பி வரும்போது நான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.

"அடப்பாவி!" என்று நந்திதா தலையில் கைவைத்தாள்.

"ஆண்டவரே ஸ்தோத்திரம்" என்றாள் எப்சிபா.

அவள் முகத்தைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை. தப்பித்தது நான், அவள் எதற்கு ஸ்தோத்திரம் சொல்கிறாள்?

மே 19, ஞாயிறு

ஆராதனை முடிந்து எப்சிபா நேரே இங்கே வந்தாள். இவர் வெளியே போகும் வரை காத்திருந்து, அடுப்படிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கனி, எங்கிட்டதாம்ட்டி பட்டுச்சு."

எனக்குப் புரியவில்லை.

"அந்தப் பந்து. எம் மோதிர வெரல் நுனியில. லேசா. நான் கையைத் தூக்கல்ல. மெட்ராஸு போவணும்னு ஆசை. தூக்கவா வேண்டாமான்னு நிக்கதுக்குள்ள நீ தூக்கிட்ட. என் மானத்தைக் காப்பாத்தத்தான் நீ உம்மேல போட்டுக்கிட்டன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். இருவத்திரெண்டு வருசமா உன் முகத்தைப் பாக்கும்போதெல்லாம் குறுகிப்போவேன். கேசட்டுல தெரிஞ்சிருமோன்னு ஒரு வாரமா உயிர் எங்கிட்ட இல்ல."

அழுதாள். அவளைக் கட்டிக்கொண்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வாய் வரை வந்தது, வெளியே செருப்புச் சத்தம் கேட்டது, விட்டுவிட்டேன். செருப்பு பக்கத்து வீட்டுக்காரருடையது.

மே 20, திங்கள்

பந்து பட்டுத்தான் இருக்கிறது. என் பொய் நிஜமாகிவிட்டது. யாருக்கும் எதுவும் கெடவில்லை, இப்படியே விட்டுவிடலாம் என்று காலை முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு இன்னொரு பொன்னாடைகூடக் கிடைக்கும், தோழிக்காகப் பழியேற்றவள் என்று.

ஆனால் அவள் அந்த முறுக்கையெல்லாம் சுட்டுக் கொண்டுவந்தது இதற்காகவா? சீ.

மே 22, புதன்

எப்சிபா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். உட்காரக்கூட இல்லை, வாசல்படியில் நின்றே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். ஒரு சாண், ஸ்கோர் போர்டு, விரல், மெட்ராஸ், எல்லாம்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"எம்மேல பட்டது உனக்குத் தெரியாது?"

"தெரியாது."

"அப்போ பந்து யார் மேலயும் படாம இருந்திருந்தாலும் நீ தூக்கியிருப்ப."

"ஆமா."

"நான் பெட்டி கட்டி வச்சிருந்தது தெரியும்லா உனக்கு?"

"தெரியும்."

கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள். அப்புறம், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாட்டி. அன்னிக்கு இல்லாட்டியும் பொறவு. நான் ஒருத்தி என்னத்துக்கு இருந்தேன்?" என்றாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வந்தேன்.

மே 24, வெள்ளி

எப்சிபா போனை எடுக்கவில்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டது, தட்டு சுவர் வரை போனது. இப்போதெல்லாம் தட்டோடு சரி. வயதாகிறதல்லவா, இவருக்கும்.

மே 27, திங்கள்

எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

நாலு மணிக்கு நந்திதா வந்தாள். இன்றைக்கு முடிவு சொல்லியாக வேண்டுமாம். எப்சிபாவையும் வரச் சொல்லியிருந்தாள், அவள் வரவில்லை. இவர் சாய்வு நாற்காலியில் பேப்பரோடு இருந்தார். "நம்ம விசில் சீன் கடைசியில வருதாம்மா?" என்று கேட்டார்.

நந்திதா என்னிடம், "நான் உங்க பேச்சுக்கு வந்துட்டேன் கனிம்மா. ஜெயிக்கட்டும். உங்களைப் பார்த்துச் சிரிச்சவங்க வெட்கப்படட்டும்" என்றாள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவர் பேப்பரைத் திருப்பினார். அந்தச் சத்தத்துக்கே என் உடம்பு சுருங்கியது. கீரை ஆய்ந்த கை நின்றது ஞாபகம் வந்தது.

"வேண்டாம்மா. தோக்கட்டும்" என்றேன். "ஆனா எதுக்குத் தோத்தோம்னு காட்டணும். வீட்டுக்காரர் விசில் அடிக்கல்ல. முறுக்கு வாங்கிக் குடுக்கல்ல. ஸ்கோர் போர்டு பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு நிப்பாரு. சும்மா நிப்பாரு. அவரைப் பாத்துட்டுத்தான் அவ கையைத் தூக்குவா. பந்து அவ மேல படல்ல."

பேப்பர் அசையவில்லை.

நந்திதா இவரைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள். ரெகார்டரை அணைத்துவிட்டாள். "கனிம்மா..." என்றாள்.

எப்சிபாவின் விரலைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அது அவளுடையது.

இவர் எழுந்தார். பேப்பரை நாலாக மடித்து நாற்காலியில் வைத்தார். கத்தவில்லை. "மேடம் போகட்டும்" என்று என்னிடம் சொன்னார். பின்கட்டுக்குப் போனார்.

அந்தச் சமயம் எப்சிபா உள்ளே வந்தாள். எவ்வளவு நேரமாக வெளியே நின்றாளோ. என்னைப் பார்க்கவே இல்லை. "மேடம், இன்னொண்ணு எழுதிக்கிடுங்க. பந்து எம்மேல பட்டுச்சு. நான் கையைத் தூக்கல்ல" என்றாள்.

நந்திதா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ நீங்க ஜெயிச்சீங்களா, தோத்தீங்களா?" என்றாள். அதற்குள் தயாரிப்பாளர் போன் வந்துவிட்டது. "சார், இன்னும் தெரியல சார்" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனாள். போகும்போது, ஏதாவது என்றால் எந்த நேரமும் கூப்பிடுங்கள் என்று எப்சிபாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

வண்டிச் சத்தம் தேய்ந்தது. பின்கட்டில் இவர் கிணற்று வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

எப்சிபா கதவைத் தாழ்ப்பாள் போடவில்லை, விரியத் திறந்துவைத்தாள். இவருடைய சாய்வு நாற்காலியில் இருந்த பேப்பரை எடுத்துக் கீழே போட்டுவிட்டு அதில் உட்கார்ந்தாள்.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனைச்சிராத" என்றாள். "அது வேற. எனக்கு மாத்துச் சேலை ஒண்ணு எடுத்துட்டு வா. நான் இங்கதான் இருக்கப்போறேன்."

எடுத்துக் கொடுத்தேன்.